இலங்கைக்குக் கிழக்கே இரண்டு சுழி ஒன்றாகிவிட்டது: உண்மையான இணைவா, வரைபடத்தின் வேலையா?

கரையோரம் (வெள்ளவத்தை) கேட்டது:

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் கடல் சேவை, செய்மதி அளவீடுகளைக் கட்டங்களாக நிரப்பித் தரும் நாளாந்தக் கடல்மட்டக் கட்டத்தரவை (0.25 பாகை) வைத்து, 7 பாகை வடக்கு, 84 பாகை கிழக்கை அண்டிய பகுதியைப் பார்க்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். முதல் நாளில் இரண்டு பள்ளங்கள், இரண்டுமே இடஞ்சுழி. மையங்களுக்கிடையே 140 கி.மீ. ஆறாம் நாளில் ஒரே பள்ளம்தான் இருக்கிறது. சுழி தேடும் மென்பொருள், இரண்டு சுழிகளில் ஒன்று நகர்ந்த பாதையை இடையில் முடித்து "இணைந்தது" என்று குறிக்கிறது. இரண்டினதும் ஆரை 60 கி.மீ., உச்ச வேகம் செக்கனுக்கு 0.5 மீற்றர். இன்னொரு நிரலில் 38 கி.மீ. என்றும் ஓர் ஆரை வருகிறது. அது எதற்கென்று விளங்கவில்லை.

ஒரே திசையில் சுழலும் இரண்டு சுழிகள், மையத் தூரம் ஆரையின் 3.3 மடங்குக்குள் வந்தால் இணையும் என்பார்கள். 140 ÷ 60 = 2.3. விதிப்படி சரி. ஆனால் படங்களை ஓடவிட்டுப் பார்த்தால் ஒன்றை ஒன்று சுற்றியதாகத் தெரியவில்லை. நடுவில் இருந்த மேடு கரைந்தது, அவ்வளவுதான். இரு மையங்களையும் இணைக்கும் கோடு 10 பாகைகூடத் திரும்பவில்லை. இதை இணைவு என்று எழுதலாமா?

அடுத்தது, இதையே பாடசாலைக் கண்காட்சியில் தண்ணீரில் காட்ட வழி உண்டா? தட்டத்து நீரைக் கரண்டியால் கலக்கினால் இரண்டு சுழியும் சில செக்கனில் செத்துவிடுகின்றன.

ஆரைக்கணக்கு (தெஹிவளை):

பிழை முதல் வகுத்தலிலேயே இருக்கிறது. 60 கி.மீ. என்பது சுழியைச் சுற்றி மூடிக்கொள்ளும் கடைசிச் சமவுயரக் கோட்டின் ஆரை. வீட்டை அளக்காமல் வளவின் வேலியை அளந்த மாதிரி. 3.3 என்ற எண், சீரான சுழிப்பு நிரம்பிய வட்டத் திட்டுகளை வைத்துச் செய்த கணக்குகளிலிருந்து வந்தது. அங்கே ஆரை என்றால் நீர் மிக வேகமாக ஓடும் வளையத்தின் ஆரை. உங்களுக்கு விளங்காத அந்த 38தான் அது. 140 ÷ 38 = 3.7. எல்லைக்கு வெளியே நிற்கிறது, ஆனால் கிட்ட. 1987இல் கிரிஃபித்ஸ், ஹொப்ஃபிங்கர் இருவரும் சுழலும் தொட்டியில் ஒரே அடர்த்தியுள்ள நீரை வைத்துச் செய்த பரிசோதனையிலும் எல்லை 3.3ஐ ஒட்டித்தான் வந்தது. அடர்த்தி அடுக்குள்ள நீரில் அது மாறும். அதனால் 3.7ஐ வைத்து மட்டும் "இணையாது" என்றும் அடித்துச் சொல்ல முடியாது.

தூரத்தை விட முக்கியம், இணைவு எப்படி நடக்கிறது என்பது. ஒரே திசைச் சுழிகள் இரண்டு கிட்ட வந்தால் முதலில் ஒன்றை ஒன்று சுற்றத் தொடங்கும். இடஞ்சுழிகளானால் அந்தச் சுற்றும் இடஞ்சுழியாகவே இருக்கும். ஒன்றின் இழுப்பில் மற்றது நீண்டு முட்டை வடிவமாகும். எதிரெதிராக நிற்கும் கூர்முனைகள் வழியாக நீர் பரிமாறும். அதன் பிறகு இரண்டு கருக்களும் நடுவுக்கு வர வேண்டுமென்றால் மொத்தக் கோண உந்தம் குறைய வேண்டும், அது குறையாது. ஆகவே கொஞ்ச நீர் வெளியே போயாக வேண்டும். அப்படி எறியப்படும் நீர்தான் இணைந்த சுழியைச் சுற்றி இரண்டு நீண்ட இழைகளாகத் தெரிவது. இழை இல்லாமல் இணைவு இல்லை. பரப்பும் இதனால் இரண்டின் கூட்டுத்தொகையை விடக் குறைவாகத்தான் வரும்: 38 கி.மீ. ஆரையுள்ள இரண்டு சேர்ந்தால் அதிகபட்சம் 54 கி.மீ., இழைகளில் போனது கழிய அதிலும் குறைவு. ஆழம் இரட்டிக்காது. உங்கள் ஆறாம் நாள் பள்ளம் முன்பு இருந்ததைப் போல இருமடங்கு ஆழமென்றால் வேறு காரணம் தேடுங்கள்.

நேரத்தையும் பார்ப்போம். ஒரு சுழியின் சுற்றோட்டம் 2π × 38,000 × 0.5, அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 1,19,000 சதுர மீற்றர். ஒன்றையொன்று ஒரு முறை சுற்றும் காலம், 4π²ஐ மையத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, இரண்டின் சுற்றோட்டக் கூட்டுத்தொகையால் வகுத்தால் வரும். 140 கி.மீ.க்கு 37 நாள் சொச்சம். ஆறு நாளில் 58 பாகை திரும்பியிருக்க வேண்டும். இது தூரம் போகப் போகச் செல்வாக்கு மெதுவாகக் குறையும், அடர்த்தி அடுக்கில்லாத நீருக்கான கணக்கு. அடுக்குள்ள கடலில் அது கெதியாகக் குறையும், அதனால் உங்கள் அகலக்கோட்டில் இந்தத் திருப்பம் பாதியளவாகலாம். 30 பாகை என்று வையுங்கள். 10 பாகை அதற்குக் காணாது.

அடுத்தது வரைபடம். 0.25 பாகைக் கட்டம் என்றவுடன் 28 கி.மீ. வரை தெரியும் என்று நினைக்கக் கூடாது. அது கட்டத்தின் அளவு, பார்வையின் கூர்மை அல்ல. இந்தப் படங்கள் உண்மையில் பிரித்துக் காட்டும் அலைநீளம் நடுக்கோட்டருகே 800 கி.மீ. வரை போகும்; உயர் அகலக்கோடுகளில்தான் 100 கி.மீ.க்கு இறங்கும். உங்கள் 140 கி.மீ. அந்த வரம்புக்கு மிகக் கீழே. அப்படியானால் முதல் நாளில் இரண்டாக எப்படித் தெரிந்தது? அன்று அல்லது அதற்குக் கிட்ட, கடல்மட்டம் அளக்கும் ஒரு செய்மதியின் தடம் (அது தனக்கு நேர் கீழே அளந்துகொண்டு போகும் கோடு) சரியாக அந்த நடுமேட்டின் மேலாகப் போயிருக்கும். ஜேசன் வகைச் செய்மதிகளின் தடங்கள் நடுக்கோட்டில் 315 கி.மீ. இடைவெளியில், 10 நாளுக்கு ஒருமுறை. சென்டினல்-3 ஒவ்வொன்றும் 27 நாளுக்கு ஒருமுறைதான் அதே தடத்துக்கு வரும். தடம் போன பிறகு அந்தத் தகவல் நாளுக்கு நாள் மங்கும். மேடு "கரைவது" அப்போதுதான். கடலில் ஒன்றுமே நடந்திருக்கத் தேவையில்லை.

ஆகவே கட்டத்தரவை மூடிவிட்டுத் தடத்தரவைத் திறவுங்கள். கட்டக் கோப்புக்குள்ளேயே வரைபட வழு என்று ஒரு மாறி இருக்கிறது. யாரும் அதை வரைந்து பார்ப்பதில்லை. நடுமேடு இருந்த புள்ளியில் அந்த வழுவை நாள்வாரியாக வரையுங்கள். மேடு குறையக் குறைய வழு ஏறினால் தீர்ப்பு வந்துவிட்டது. பிந்திய மறுகணிப்புத் தரவு கிடைத்தால் அதையும் ஒப்பிடுங்கள். உடனடித் தரவில் அந்த நாளுக்குப் பிந்திய தடங்கள் இருக்காது, மறுகணிப்பில் இரு பக்கமும் இருக்கும்.

தெப்பம் (கொட்டாஞ்சேனை):

மேலே சொன்னதில் 0.5 மீ. வேகத்தை அப்படியே எடுத்தது எனக்கு உடன்பாடில்லை. 7 பாகையில் கொரியோலிஸ் காரணி (பூமியின் சுழற்சி நீரோட்டத்தைத் திருப்பும் அளவு) செக்கனுக்கு 0.0000178தான், 40 பாகையில் இருப்பதன் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. மென்பொருள் தரும் வேகம் கடல்மட்டச் சரிவையும் கொரியோலிஸையும் மட்டும் சமப்படுத்தி எடுத்தது. இவ்வளவு சிறிய சுழியில் நீர் வளைந்து ஓடுவதற்கான மையநோக்கு விசையையும் கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்தால் 38 கி.மீ. ஆரையில் 0.5 என்பது 0.33 ஆகிறது. சுற்றும் காலம் 37 நாளிலிருந்து 56 நாளாக நீள்கிறது. அடுக்குக் கடலுக்கான பாதியையும் போட்டால் ஆறு நாளில் எதிர்பார்க்க வேண்டியது 20 பாகை அளவுதான். 10க்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தை இந்தப் படத்தில் அளக்கவே முடியாது. ஆகவே கோணப் பரிசோதனையை விடுங்கள். பிடிபடும் இடம் வேறு: ஒரு சுற்றுக்கே மாதக்கணக்கு எடுக்கும் சோடி, ஆறு நாளில் இணைந்து முடிந்தது என்பதுதான் நம்ப முடியாதது.

வலஞ்சுழிகளில் இந்தத் திருத்தம் இன்னும் கடுமை. 100 கி.மீ. ஆரையில் நிற்கும் வலஞ்சுழிக்கு, நம் அகலக்கோட்டில், 100 கி.மீ.க்கு 8 செ.மீ.க்கு மேல் சரிவு இருந்தால் சமநிலைக்கு விடையே கிடையாது. படம் அதைவிடச் செங்குத்தாகக் காட்டினால் படத்தைச் சந்தேகியுங்கள்.

இன்னொன்று, நீங்கள் பார்ப்பது வெறும் கடல் அல்ல. அதே இடத்தில்தான் ஸ்ரீலங்கா டோம் எழும்புகிறது; 1998இல் விநயச்சந்திரன், யமகதா இருவரும் விவரித்த இடஞ்சுழி. மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் காற்றின் சுழிப்பு அங்கே கீழ்நீரை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். மட்டக்களப்புப் பக்கம் கச்சான் என்று சொல்லும் அதே காற்று. காற்று பலத்தால் டோம் தன் இடத்திலேயே விரியும். பக்கத்தில் நின்ற சின்னச் சுழியின் விளிம்புக் கோடு அதற்குள் அகப்படும். மென்பொருள் அதையும் "இணைந்தது" என்றே எழுதும், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது நேற்று இரண்டு வட்டம், இன்று ஒரு வட்டம் என்பது மட்டும். காற்றுத் தரவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அத்துடன், சராசரியிலிருந்து விலகலைக் காட்டும் படத்தை விட்டு முழுக் கடல்மட்டப் படத்தைப் பாவியுங்கள். விலகல் 1993–2012 சராசரியிலிருந்து எடுத்தது. பருவத்துக்குப் பருவம் நீரோட்டமே திரும்பும் இந்தப் பகுதியில், ஓடாத சுழியையும் அது காட்டும்.

டோமுக்குத் தென்கிழக்கே நிற்கும் வலஞ்சுழியோடு இது சேருமா என்று அடுத்த கேள்வி வரும். சேராது. எதிர்த்திசைச் சுழிகள் இணைவதில்லை, சோடியாகி நடுவிலுள்ள நீரை ஒரு பக்கமாகத் தள்ளும். பருவ நீரோட்டம் வங்காள விரிகுடாவுக்குள் நுழைவது அந்த இரண்டுக்கும் நடுவால்தான். சமமற்ற ஒரே திசைச் சுழிகளில்கூட முழு இணைவு என்பது பல முடிவுகளில் ஒன்று. 1992இல் ட்ரிட்ஷெல், வோ இருவரும் ஐந்தாகப் பிரித்தார்கள்: பெரிதாக மாறாமல் விலகுவது, சின்னது ஓரளவு உரிக்கப்படுவது, முழுதாக உரிக்கப்பட்டு இழையாகப் போவது, பாதி இணைவு, முழு இணைவு. உங்கள் அறிக்கையில் "இணைவு" என்ற ஒற்றைச் சொல்லைப் போடுமுன் இதை யோசியுங்கள்.

உண்மையான இணைவுக்குக் கடலில் நல்ல சாட்சி வேண்டுமென்றால் கீழே இறங்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் கிழக்கே இரண்டு வெப்பக்கருச் சுழிகள் சேர்ந்ததை 1982இல் கிறெஸ்வெல் எழுதினார். இரண்டு கருநீரும் கலந்து ஒன்றாகவில்லை; வெப்பத்தையும் உப்பையும் வைத்துப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. மேற்பரப்புப் படத்தில் அது ஒரே வட்டம். நம் பக்கத்துக் கடலிலும் பெரிய அளவில் நடந்திருக்கிறது: 1979 பருவத்தில் சோமாலியக் கரையில் தெற்குச் சுழி வடக்கே ஏறி பெருஞ்சுழியோடு சேர்ந்தது. அங்கே சுழிகள் நூற்றுக்கணக்கான கி.மீ. அகலம், இடையில் குளிர்நீர் ஆப்புப்போல நின்றது. அதனால் வெப்பப் படத்திலேயே தெரிந்தது. கிழக்குக் கரையில் அந்த வசதி இல்லை. மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ ஒரே அளவு. நீரிலுள்ள நுண்பாசியின் பச்சையத்தைக் காட்டும் செய்மதிப் படம்தான் இழையைக் காட்டும், அதையும் பருவ முகில் மறைக்கும். முகில் விலகும் ஒரு நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். ஸ்வொட் செய்மதி 120 கி.மீ. பட்டையாகப் பார்ப்பதால் உதவும், ஆனால் 21 நாள் சுற்றில் ஓரிரு முறைதான் ஓர் இடத்துக்கு வரும்.

கரையோரம்:

வழுவை வரைந்து பார்த்தேன். முதல் நாளுக்கு முதல்நாள் ஒரு தடம் நடுமேட்டைக் குறுக்கே வெட்டியிருக்கிறது. அதன் பிறகு அங்கே தடமே இல்லை. வழு நேர்கோடாக ஏறுகிறது, மேடு அதே வேகத்தில் இறங்குகிறது. இணைவு என்று எழுதவில்லை. தொட்டிக்கு யாராவது அளவு சொல்லுங்கள். பஞ்சிகாவத்தையில் வைப்பர் மோட்டர் எடுக்கலாமென்று யோசனை.

சுழல்மேசை (மருதானை):

வைப்பர் மோட்டர் காணும், ஆனால் அச்சில் நேராகத் தொட்டியை ஏற்றாதீர்கள். அதன் மெதுவேகமே நிமிடத்துக்கு 45 சுற்று அளவில் வரும். வோல்ற்றைக் குறைத்தால் சீராகச் சுழலாமல் விட்டுவிட்டு உதறும்; ஒவ்வோர் உதறலும் நீரில் அலை. மோட்டரில் 10 செ.மீ. ரப்பர் உருளை ஒன்றை மாட்டி, 50 செ.மீ. பலகை வட்டத்தின் விளிம்பில் உராய விடுங்கள். ஐந்தில் ஒன்று: நிமிடத்துக்கு 9 சுற்று. 9, 10 இரண்டும் சரி. பலகைக்கு அடியில் நல்ல தட்டை பேரிங் வேண்டும், ஏனென்றால் 50 செ.மீ. வட்டப் பேசினில் 12 செ.மீ. நீர் என்றால் 23 லீற்றர் சொச்சம், கிட்டத்தட்ட 24 கிலோ. மேசையை நீர்மட்டம் வைத்து நான்கு திசையிலும் சரிபாருங்கள். மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுழலட்டும், வட அரைக்கோளத்துக்கு அதுதான்.

கரண்டியால் கலக்கிய சுழி ஏன் சாகிறது என்று கேட்டீர்கள். தட்டம் சுழலவில்லை, நீர் ஆழம் குறைவு, அடியுராய்வு உடனே தின்றுவிடும். சுழலும் தொட்டியிலும் சாகும், ஆனால் கணக்காக: 12 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 10 சுற்று, நம் ஊர் வெப்பத்து நீர் என்றால் 2 நிமிடத்தில் சுழியின் பலத்தில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். தொட்டி நீர் முழுதும் மேசையோடு சேர்ந்து சுழலவும் அதே காலம்தான் அளவுகோல். 15 நிமிடம் கைவைக்காமல் விடுங்கள். பலர் பிழைவிடுவது இங்கேதான், 3 நிமிடத்தில் பொறுமை போய்விடும்.

சுழியை உண்டாக்கக் குழாயை நட்டு உள்ளே கலக்கித் தூக்குவது பலர் சொல்லும் முறை. இணைவுக்கு அது சரிவராது. குழாய்ச் சுவரோடு நீர் நிற்பதால், நடுவில் ஒரு திசையும் விளிம்பில் எதிர்த்திசைச் சுழிப்பும் வரும். இரண்டும் ஒன்றையொன்று கழித்து, வெளியே செல்வாக்கே இல்லாத கவசச் சுழியாகிவிடும். பக்கத்துச் சுழியை அது உணராது. உறிஞ்சும் முறைக்குப் போங்கள். நீரை உறிஞ்சினால் சுற்றிலுமுள்ள நீர் உள்ளே நகரும், மேசையிடமிருந்து பெற்ற கோண உந்தத்தைக் காப்பாற்ற வேகமாகச் சுழலும். எப்போதும் மேசையின் திசையில்.

5 வோல்ற் குட்டி நீர்ப்பம்பு இரண்டு (மணிக்கு 100 லீற்றர் வகை), பேசின் விளிம்போரம் மூழ்கி இருக்கட்டும். உறிஞ்சும் வாயில் 8 மி.மீ. குழாய் கொழுவி நடுப்பக்கம் கொண்டுபோங்கள். குழாய் முனையை அடைத்து, நீருக்குள் நிமிர்ந்து நிற்கும் 10 செ.மீ. நீளத்துக்குச் சுற்றிவரத் துளை போட்டுப் பஞ்சு சுற்றுங்கள். துளை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சுழி கோணலாகும். வெளியேறும் நீர், பலகையில் எதிரெதிரே கட்டிய இரண்டு போத்தலுக்குள். மின்சாரம் பலகையிலேயே ஒட்டிய பவர் பேங்கிலிருந்து; சுவர் மின்னைச் சுழலும் நீருக்குக் கிட்டக் கொண்டுவரவே வேண்டாம்.

ஒவ்வொன்றும் 250 மி.லீ. உறிஞ்சட்டும், 9, 10 செக்கன் பிடிக்கும். 2.5 செ.மீ. ஆரையில் செக்கனுக்கு 2.8 செ.மீ. வேகம் வரும். குழாய்கள் 8 செ.மீ. இடைவெளியில் என்றால் ஒரு சுற்றுக்கு 29 செக்கன், பலம் குறையுமுன் இணைந்துவிடும். 60 மி.லீ. ஊசிக்குழாயால் உறிஞ்சிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அதே தூரத்தில் ஒரு சுற்றுக்கு 2 நிமிடம், அதற்குள் சுழி ஓய்ந்துவிடும்.

பம்பை நிறுத்தியவுடன் இரண்டு குழாயையும் ஒரே குறுக்குச் சட்டத்தில் கட்டிச் செங்குத்தாக, ஆறுதலாகத் தூக்குங்கள். உடனே ஒன்றில் சிவப்பு, மற்றதில் நீலம், 5 மி.லீ. அளவில் ஊசியால். கேக் கலரை அதே தொட்டி நீரில் கரைத்தே ஊற்ற வேண்டும். குழாய்நீரில் கரைத்தால் வெப்பம் மாறி நிறம் அடியில் போய்ப் படுத்துவிடும். போனைப் பேசினுக்கு மேலே பலகையோடு சுழலும் சட்டத்தில் பூட்டுங்கள். வெளியே நின்று எடுத்த வீடியோவில் மேசையின் சுழற்சி மட்டும்தான் தெரியும்.

பிறகு குழாய்களை 12 செ.மீ.க்கு விலக்கி அதையே செய்யுங்கள். ஒரு சுற்றுக்கு 65 செக்கன். சுற்றும், சேராது, மங்கும். பார்வையாளருக்கு இரண்டையும் (8 ÷ 2.5 = 3.2, 12 ÷ 2.5 = 4.8) அடுத்தடுத்துக் காட்டினால்தான் 3.3 என்ன என்பது விளங்கும்.

தெப்பம்:

சீலிங் ஃபானை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டீர்கள். ஏசி அறையானாலும் மேல்நீர் குளிர்ந்து கீழே இறங்கி இழையைக் குழப்பும். பேசின் வாயைத் தெளிவான பேர்ஸ்பெக்ஸ் தகட்டால் மூடி, குழாய்க்கும் ஊசிக்கும் மட்டும் துளை விடுங்கள். நீரை முதல்நாள் இரவே நிரப்பி வையுங்கள்.

கரையோரம்:

நீரை உள்ளே பாய்ச்சி வலஞ்சுழி இரண்டையும் இணைத்துக் காட்டலாமா?

சுழல்மேசை:

இந்தப் பலத்தில் வேண்டாம். நடுவின் சுழிப்பு மேசைச் சுழற்சியின் இருமடங்கைத் தாண்டினால் வலஞ்சுழி தானாகவே சிதறும். நீங்கள் காட்டுவது இணைவாக இருக்காது. பாய்ச்சும் அளவை மூன்றில் ஒன்றாக்கினால் சிதறாது, ஆனால் சுற்ற எடுக்கும் நேரம் மூன்று மடங்காகி அதற்குள் ஓய்ந்துவிடும். கண்காட்சிக்கு இடஞ்சுழியோடு நில்லுங்கள்.